ஊருக்கெல்லாம் ஒரே லாபமா

"...எறங்க மாட்டேன்னு சொல்லலயே நைனா. எறங்குறேன். மொதல்ல லாபம் சொல்லு, அப்பறம் எறங்குறேன்" என்றார் முனிரத்தினம் மாமா, டிப்பர் லாரியில் குவிந்திருந்த நெல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

போன மாதம், வடமாலபேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு காட்டாவில் நடந்தது இது. லாரியை அப்படியே ஏற்றி எடை பார்க்கும் மேடையை எங்கள் பக்கத்தில் காட்டா என்பார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் தலையை வெளியே நீட்டி, "பெத்தாயனா, திகண்டி" என்று தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தான். பெரியவர் இறங்காவிட்டால் அவர் எடையும் நெல்லாகிவிடுமே என்பது அவன் கவலை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் ஸ்ரீசிட்டியில் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊருக்குள் போக யார் வண்டியாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றவன். டீசலும் தூசியும் கலந்த காற்றில் புது நெல்லின் வாசனை குப்பென்று வந்தது. நினைவு எப்போதும் மூக்கு வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. வாசல் வழியாக வந்தால், வேலை இருக்கிறது அப்புறம் வா என்று அனுப்பிவிடுவோம் அல்லவா.

லாபம் சொல்வது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நெல் அளக்கும்போது யாரும் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் மூட்டைக்கு 'லாபம்' என்று குரல் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. எங்கள் ஊர்த் தெலுங்குக்காரர்களும் அப்படித்தான். எங்கள் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக லாபத்தைக் கேட்டவர்கள்தான், ஆனால் அடுத்தவர் களத்தில், மூட்டைக்கு அடியில் குனிந்து நின்றபடி கேட்டவர்கள். பிறகு கூலிக்காசைச் சேர்த்துச் சேர்த்து ஆளுக்குக் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். முனிரத்தினம் மாமா தன் முதல் அறுவடையில், லாபம் சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி முதல் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வைத்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர்.

அன்றைக்கு லாபம் சொன்னவன் நான்தான். பத்தாவது ஃபெயிலானவனுக்கு ஊரில் கிடைத்த முதல் வேலை மூட்டை எண்ணுவது. எதில் ஃபெயில் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கில்தான். குரல் கணீரென்று இருந்தது, அது போதும் என்று விட்டார்கள்.

அந்தக் காலத்தில் நெல்லுக்கு ஒரு வாசனை என்றால் கோணிக்கு இன்னொரு வாசனை. கோணி வாசனை வந்தாலே எனக்கு ருக்குமணி அக்கா ஞாபகம்தான். சித்தூரில் ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டு வந்தவர், எல்லார் நெல்லையும் ஒன்றாகச் சேர்த்து விற்கலாம் என்று ஆரம்பித்தார். வியாபாரி வாசல் வாசலாக வருகிறான். உன் நெல்லில் ஈரம் என்கிறான். பக்கத்து வீட்டில் போய், அவர்களே கொடுத்துவிட்டார்கள் நீ ஏன் முறைக்கிறாய் என்கிறான். எல்லாரும் ஒரே வாசலாக நின்றால் அவன் என்ன செய்வான்? இதுதான் அக்காவின் கேள்வி. சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் பேசியும் விட்டார். லோடு நிறையும் என்றால் லாரி அனுப்புவார்கள். அரை லோடு என்றால் லாரி காலியாகத் திரும்பிவிடும், அப்புறம் கூப்பிடக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

பாதி ஊர் சங்கம் என்றது, பாதி ஊர் தனி என்றது. டீக்கடை பெஞ்சுகூட இரண்டாகப் பிரிந்தது. கங்கையம்மன் ஜாத்திரையில் பொங்கல் பானைகளை இரண்டு வரிசையாக வைத்தார்கள். அம்மன் எந்த வரிசைக்கு முதலில் வந்தாள் என்று ஒரு வாரம் பேச்சு. தனிக் கட்சிக்குத் தலைவர் முனிரத்தினம் மாமா.

"ஊரு கூடினாதான் மாமா தேரு நகரும்" என்பார் ருக்குமணி அக்கா.

"தேர இழுக்க ஊரு கூடலாம். சோறு துன்ன அவனவன் வாயிதான்" என்பார் மாமா.

கூட்டுச் சோறு குழைந்தாலும் குத்தம், வேகாவிட்டாலும் குத்தம் என்று இன்னொன்றும் வைத்திருந்தார். ஊரில் நல்ல பழமொழியெல்லாம் தனிக் கட்சியிடமும், நல்ல யோசனையெல்லாம் சங்கத்திடமும் இருந்தது. நான் பழமொழிக்கு மயங்குகிறவன். எந்த பெஞ்சில் உட்கார்வது என்று தெரியாமல் நின்றுகொண்டே டீ குடித்தேன்.

கடைசியில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். விலையைப் பற்றி, எடையைப் பற்றி, மில்காரரைப் பற்றியெல்லாம் மாமா கேள்வி கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாம் தீர்ந்த பிறகு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னார்.

"சேந்து ஏத்துனா ஊருக்கெல்லாம் ஒரே லாபமா? என் மொத மூட்டைய நாப்பத்தி ஒண்ணுன்னு சொல்லுவான். நாப்பத்தி ஒண்ணு கேக்கறதுக்கா நான் நெலம் வாங்குனேன்?"

யாரும் சிரிக்கவில்லை. சங்கத்துக்காரர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் லாபம் யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே சண்டை கிளம்பியது. அதுவரை ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது, இப்போது வீட்டுக்கு வீடு பிரிந்துவிட்டது. அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு வீட்டின் முதல் மூட்டைக்கும் லாபம், பிறகு அந்த வீட்டுக்கு ரெண்டு, மூணு.

தீர்ப்பு நன்றாகத்தான் இருந்தது. அனுபவித்தது நான். லாரி வந்த அன்று லாபம், ரெண்டு, மூணு என்று போய்க்கினு இருக்கும்போதே அடுத்த வீடு வந்துவிடும், மறுபடி லாபம். வெயில் ஏற ஏற லாபமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். மொத்தம் எவ்வளவு என்று டிரைவர் கேட்டார். "நெறைய" என்றேன்.

ஆனால் லாரியின் பின்பக்கம் காலியாகவே இருந்தது. சங்கத்து மூட்டையெல்லாம் ஏறிவிட்டது, லோடு நிறையவில்லை. டிரைவர் கிளம்பமாட்டேன் என்றார். ருக்குமணி அக்கா மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, உன் மூட்ட வந்தா லாரி போவும். வரலன்னா எல்லார் லாபத்தையும் கீழ எறக்கணும். அதையும் நீயே வந்து எறக்கிக் குடுத்துட்டுப் போ."

மாமா வெகுநேரம் காதைக் குடைந்துகொண்டிருந்தார். பிறகு வண்டி மாட்டைப் பூட்டினார். அவர் மூட்டைகள் கடைசியாக ஏறின. முதல் மூட்டைக்கு லாபம் என்றேன். "பந்தி முடிஞ்சப்பறம் எலை போடறியாடா" என்று என்னை முறைத்தார்.

மில்லில் என் 'நெறைய' செல்லவில்லை. முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள். மூட்டை இறக்குகிற ஹமாலி லாரியின் பின்கதவைத் திறந்தார். கடைசியாக ஏற்றிய மூட்டைதானே கைக்கு முதலில் கிடைக்கும்? மாமாவின் மனைவியுடைய பழைய பச்சைச் சேலைக் கரையால் வாய் கட்டிய மூட்டை. அதன் மேல் கையை வைத்து, மில் கூரை அதிர ஹமாலி கத்தினார், லாபம் என்று. சண்டை போட்டு முதலில் ஏற்றியவர்களின் மூட்டைகளெல்லாம் நூறைத் தாண்டி எங்கேயோ வந்தன. மொத்த லாரிக்கும் ஒரே லாபம், அது சங்கத்தில் சேராத மனிதருக்கு.

அடுத்த அறுவடையில் மாமா முதல் ஆளாகச் சங்கத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர், கடைசியாகத்தான் ஏற்றுவேன் என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். லாரி திறந்த வாயோடு நின்றது, மூட்டைகள் சுற்றி நின்றன, டிரைவர் நிழலில் படுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். ருக்குமணி அக்காதான் தன் நெல்லை முதலில் ஏற்றினார். அதற்கப்புறம் சங்கம் இருந்தவரைக்கும் அவருடையதுதான் முதலில் ஏறியது. மில்லில் அவர் மூட்டைக்கு ஒருநாளும் லாபம் விழவில்லை.

இப்போது சங்கமும் இல்லை, தனியும் இல்லை. மிஷின் அறுக்கிறது, மிஷினே டிப்பரில் கொட்டுகிறது. கோணி இல்லை, கோணி ஊசி இல்லை, களம் இருந்த இடத்தில் யாரோ பிளாட் போட்டு கல் நட்டிருக்கிறார்கள். விலை போனில் வருகிறது. அவரவர் தனித்தனியாக விற்கிறார்கள், எல்லாரும் ஒரே இடத்துக்கு. நெல் தண்ணீர் மாதிரி ஒழுகி விழுகிறதே, அதில் எது முதல் மூட்டை? காட்டாவில் சிவப்பு எண் எரிகிறது. அந்த ஆபரேட்டர் தங்கமான பையன், அவனுக்கு லாபம் என்றால் என்னவென்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஓனர் பேரா சார் என்று என்னிடமே கேட்டான்.

அப்போதுதான் மாமா என்னைப் பார்த்தார்.

"டேய், உன் தொண்ட இன்னும் கீதா?"

கழுத்தில் கம்பெனி அட்டை, இன் பண்ணின சட்டை. மெல்ல ஒரு லாபம் சொன்னேன். கேக்கல என்றார். வேண்டுமென்றேதான். வயிற்றிலிருந்து இழுத்துக் கத்தினேன். ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

மாமா இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். எண் எரிந்தது, சீட்டு வந்தது, டிப்பர் மேடையை விட்டு நகர்ந்தது. அவர் மட்டும் நகராமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்ததை எதிர்பார்க்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவருக்கு இருந்தது ஒரே டிப்பர். அடுத்து என்ன சொல்வது?

பின்னால் மேடையேறிய நெல் வண்டியின் முன்சீட்டில் ருக்குமணி அக்கா உட்கார்ந்திருந்தார். சங்கம் கலைந்தது யாரால் என்ற தகராறில் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. மாமா நேராக அந்த வண்டிக்கு முன்னால் போய், பானெட் மேல் கையை வைத்து, "ரெண்டு" என்றார்.