தலைகீழாக ஏறிவந்தேன்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். அப்போது நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருந்தேன். தைத்த துணிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. வழியில் ஒரு விவசாயி கமலையில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, வெங்காயம் எப்படி?" என்று கேட்டுவைத்தேன். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் பக்கம் திரும்பிக்கொண்டே மிதித்தேன். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

சைக்கிளும் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த துணிமூட்டையும் நானுமாக உள்ளே போய்விட்டோம். நீச்சல் தெரியாது. இரண்டு முறை தண்ணீர் குடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது, கமலைக் கயிற்றில் கட்டிய சாலில் ஏறிவந்த தண்ணீரோடு தண்ணீராக வாய்க்காலில் கொட்டப்பட்டு, வெங்காயப் பாத்தியில் கிடந்தேன்.

பிழைத்தது ஆண்டவர் கிருபை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கிருபையை என் அளவுக்குத் தைத்துக்கொள்ளப் பார்த்தேன். மூன்றாம் வாரம் எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. அன்றைக்கே புது மூப்பரையும் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிமேல் எனக்கு ஒரு கண். சாட்சி சொல்ல நேரம் கேட்டு வாங்கினேன். ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று அந்த விவசாயியையும் அழைத்துவந்து முன்னால் உட்காரவைத்தேன்.

"ஆழத்திலிருந்து சங்கீதம் பாடினேன்! விசுவாசத்தோடு கையை நீட்டினேன்! கயிற்றைப் பற்றினேன்!" என்று முழங்கினேன். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விவசாயி மெல்ல எழுந்தார்.

"ஏப்பு, கயித்த நீங்க எங்க பிடிச்சீக? உங்க காலுல்ல அதுல சிக்கிக்கிருச்சு! தலகீழால்ல வந்தீக. சாலோட ரெண்டு காலு மேல வாரதப் பாத்து எனக்குக் கொல நடுங்கிப் போச்சு."

"அப்ப சங்கீதம்?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"பாட்டா? பாத்தியில கெடந்துக்கிட்டு, 'ஐயோ, கல்யாணச் சட்ட போச்சே'ன்னுல்ல அழுதாரு. சட்டையப் பெறகு பாப்பம், மொதல்ல வேட்டியக் கட்டுங்கன்னேன்."

சபை சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றது. போதகர் என்னிடம், "அப்படியா தம்பி?" என்றார்.

பதற்றத்தில் அண்ணன் மறந்திருப்பார் என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் என் உயிரை மீட்ட மனிதரல்லவா அப்புறம் பொய்யராகிப்போவார்? கணுக்காலில் கயிறு உரித்த தோல்கூட இன்னும் ஆறவில்லை.

"ஆமாங்கய்யா, அண்ணன் சொல்றதுதேன் நெசம்" என்றேன்.

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பயந்துபோனவர் அந்த விவசாயிதான். "ஏப்பு, தப்பாச் சொல்லிப்புட்டனா?" என்று என் காதோரம் கேட்டார். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பிழைத்த நாளிலிருந்து அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூப்பர் பதவி வேறொருவருக்குப் போனது. அன்றிலிருந்து என் ஸ்தோத்திர ஜெபமும் சுருங்கிவிட்டது: ஆண்டவர் மனம் வைத்தார், ஒரு மனிதரும் இரண்டு மாடுகளும் பாடுபட்டார்கள்; நான் கரையேறியதில் என் பங்கு என்று ஏதாவது இருந்ததென்றால், அது என் உடம்பின் கனம் மட்டும்தான்.