கசந்த தேன்

ஒரு சபை எப்படிப் பிறக்கிறது என்று கேட்டால் படித்தவர்கள் பெரிய பெரிய காரணமெல்லாம் சொல்வார்கள். மஞ்சூருக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு சபை பிறந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அது ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் பிறந்தது. கொடுத்தது நான்தான்.

நான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். தபித்தாள் கொழுந்து பறிப்பவள், புருஷனை இழந்தவள். அவள் மகள் ஜெபிஷாவுக்கு ஐந்து வயதில் நெஞ்சுச்சளி முற்றி மூச்சு இழுத்தது. அப்போது சில்வஸ்டர் ஃபேக்டரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் எல்லோரையும் போல சர்ச்சுக்குப் போவார். சாயங்காலம் தொழிலாளர் லைனில் இருக்கும் தபித்தாளின் வீட்டில் பத்துப் பேரைக் கூட்டித் தனியாக ஜெபம் நடத்துவார். மருந்து வேண்டாம், விசுவாசம் போதும் என்று சொல்லி, ஜெபித்த தேன் ஒரு பாட்டில் கொடுத்தார். தபித்தாள் அதை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். நான் கொடுத்த மாத்திரையைப் பொடித்து, அந்தத் தேனிலேயே குழைத்து ஊட்டினாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. ஊரே தேனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் தபித்தாள் பயந்துபோய் சில்வஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அதப் பின்னால சொல்லிக்கலாம் சகோதரி. இப்பத்தான் சனங்களுக்கு விசுவாசம் வந்திருக்குது, கெடுத்துப்போடாதீங்க" என்றாராம். இவளும் நம்பினாள். அந்தப் 'பின்னால்' பதினான்கு வருஷமாக வரவேயில்லை.

சில்வஸ்டர் பழைய சர்ச்சை விட்டு விலகினார். லாரியை விட்டார், பாஸ்டர் ஆனார். தகரக் கூரை எழுந்தது, போர்டு ஏறியது. எண்பது குடும்பங்கள் சேர்ந்தன. போர்டில் இருப்பது நீளமான பெயர். எஸ்டேட்டில் அதை 'மாத்திரை தொடாத சபை' என்பார்கள். நோயாளிக்கு ஒரு ஸ்பூன் தேன், அவ்வளவுதான் வைத்தியம். வருஷத்துக்கு ஒருமுறை ஜெபிஷா முன்னால் நின்று சாட்சி சொல்வாள்: "அந்தத் தேன் கசந்துச்சுங்க. எனக்குள்ள இருந்த நோய்தான் கசப்பா வெளிய போச்சு." கசப்புக்கு அந்த விளக்கம் கொடுத்தது சில்வஸ்டர். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். என் பாவம் அது.

போன வருஷம் கருப்பம்மாள் அந்தச் சபையில் சேர்ந்தாள். தபித்தாளோடு ஒரே வரிசையில் கொழுந்து பறிப்பவள், சர்க்கரை நோயாளி. சேர்ந்ததும் என்னிடம் போட்டுக்கொண்டிருந்த இன்சுலினை நிறுத்திவிட்டாள். பாதத்தில் புண் வந்து நாற்றமெடுத்தது. கால் போய்விடும் என்று கத்தினேன். "ஜெபிஷா பொழச்சாளேங்க சிஸ்டர்" என்றாள்.

அதை அப்படியே தபித்தாளிடம் போய்ச் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் ஜெபிஷாவுக்கும் பாஸ்டர் மகனுக்கும் கல்யாணம். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெபிஷா கட்டிப்பிடித்து அழுதாளாம். "நீ எந்திரிச்சுச் சொல்லும்மா, நானும் சொல்றேன்" என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் தபித்தாள் எழுந்தாள். மாத்திரை, தேன், பாஸ்டரிடம் அன்றே சொன்னது, ஒன்று விடாமல் சொன்னாள். வாசலில் நின்ற நானும், "கொடுத்தது நான்தான்" என்றேன்.

"எந்த மாத்திரையப் பத்தியும் எனக்குத் தெரியாதுங்க. சகோதரிக்கு மனசு சரியில்ல, ஜெபம் பண்ணிக்குங்க" என்றார் சில்வஸ்டர். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த முகத்தில் அறைந்திருக்க வேண்டும்.

தபித்தாள் மகள் பக்கம் திரும்பினாள். "ஜெபி, அந்தத் தேன் கசந்துச்சுதானே? மாத்திரைதாம்மா அது. சொல்லு."

ஜெபிஷா முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் மகனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்லம்மா. இனிப்பாத்தான் இருந்துச்சு."

இரண்டு பெண்கள் தபித்தாளின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கூரைக்குத் தகரம் சுமந்தவள் அவள்.

மறுநாள் டிஸ்பென்சரி திறக்கும்போது கருப்பம்மாள் காலை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "கசந்துச்சு கசந்துச்சுன்னு சொல்லிட்டு, நேத்து மட்டும் எப்படிங்க சிஸ்டர் இனிச்சுது?" என்றாள். ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு விரல் போனது, கால் தப்பியது.

அதைச் சொல்லத் தபித்தாளின் வீட்டுக்குப் போனேன். ஜெபிஷாவின் துணிமணிகள் ஒன்றும் அங்கே இல்லை. ஞாயிறே பாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"அஞ்சு வயசுல நடந்தது தபித்தா. அவளுக்கு மறந்திருக்கும்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"சனிக்கிழமை வரைக்கும் ஞாபகம் இருந்துச்சுங்களே சிஸ்டர்" என்றாள்.