கல்யாணம் முதலில் வந்த படம்

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது என்று ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தார் வெகுகாலம் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். பேசட்டும். கோல சிலாங்கூர் வட்டாரத்திலேயே எங்களைப்போல் படம் பார்த்தவர்கள் வேறு யாரும் கிடையாது என்பது என் கட்சி. இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். ரப்பரைச் சாய்த்துவிட்டு நட்ட செம்பனைகள் குலை தள்ளிக்கொண்டிருந்தன. அப்பா குலை வெட்டினார். அம்மா கீழே சிதறும் பழங்களைப் பொறுக்கினார். அக்கா டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்தாள். அந்தப் பக்கத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகனோடு அவளுக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். அதுவரை பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது மண்டோர் வீட்டுக் கட்டுப்பாடு. காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் அவர் தொண்டையைச் செருமினாலே ஆட்கள் விறைத்து நிற்பார்களாம். அப்படிப்பட்டவர் போட்ட கட்டுப்பாட்டை யார் மீறுவது?

இரண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாவும் அந்த வருஷம் ஒரே நாளில் முடிந்தது. திருவிழா முடிந்த மறுநாள் படம் போடுவது வழக்கம். எப்போதும் சாமி படம்தான். அந்த வருஷம் இரண்டு பக்கத்து இளைஞர்களும் சண்டை பிடித்து, சிரிப்பும் காதலுமாக ஒரு புதுப் படத்தைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். டவுன் படக்காரரிடம் புரொஜெக்டர் இரண்டு இருந்தது, படம் ஒன்றுதான். அதனால் அந்தத் தோட்டத்தில் முதலில் ஆரம்பிப்பது, ஒவ்வொரு ரீல் ஓடி முடிந்ததும் அதை மோட்டார் சைக்கிளில் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவருவது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். மொத்தம் நான்கு ரீல். ஆற்றைக் கடக்கக் கம்போங் குவாந்தான் வழியாகச் சுற்றி வரவேண்டும். அந்த வேலைக்கு முதல் ஆளாகக் கைதூக்கியவர் மண்டோரின் மகன். ஊர்க்காரியத்தில் பையனுக்கு எவ்வளவு அக்கறை என்று பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

தோட்டத்து மண்டபத்துக்கு முன்னால், திடலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். இருட்டுவதற்குள்ளேயே பாய் போட்டு இடம் பிடித்துவிட்டோம். முதல் ரீல் சொன்னபடி வந்து சேர்ந்தது. கதாநாயகன் தையற்காரன். கதாநாயகி டைப்பிஸ்ட். பஸ்ஸில் ஒரு இருக்கைக்காக இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறை. கதாநாயகியின் அப்பாவுக்குக் கையில் குடை இல்லாமல் வெளியில் காலெடுத்து வைக்கத் தெரியாது. திடல் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா மட்டும், தொண்டை வறண்டுபோச்சு, தண்ணி குடிச்சிட்டு வரேன் என்று எழுந்து போனவள் திரும்பவேயில்லை.

முதல் ரீல் முடிந்தது. அடுத்த ரீலைக் காணோம். பையன்கள் விசிலடித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. ஆற்றுப் பக்கமிருந்து வரவேண்டிய மோட்டார், மண்டபத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பி ஆற்றுப் பக்கம் பறந்தது. அடுத்த நிமிஷம் அக்கா வந்து, ஒன்றும் அறியாத பிள்ளையைப்போல் பாயில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்க இவ்வளவு நேரமா என்று கேட்டேன். தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது.

மாப்பிள்ளை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அங்கே மூன்றாவது ரீலே முடியும் தறுவாயில் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். விசில் தாங்காமல், சாக்கில் மேலே இருந்ததை எடுத்து மாட்டிவிட்டார் எங்கள் பக்கம் புரொஜெக்டர் ஓட்டியவர். அது மூன்றாவது ரீல். எங்களுக்கு என்ன தெரியும்?

துணியில் நாதஸ்வரம் முழங்கியது. பஸ்ஸில் சண்டை போட்டவன் பஸ்ஸில் சண்டை போட்டவளுக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மட்டும் நாற்காலியிலிருந்து திரும்பி, "இது சரியில்ல லா. பேருகூடக் கேட்டுக்கல, அதுக்குள்ள எப்படிக் கல்யாணம்?" என்றார். "பேரு தெரிஞ்சுதான் இங்க எல்லாரும் கட்டிக்கிட்டமா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கிராணி மறுபடி துணியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிறகு, இரண்டாவதாக வந்திருக்க வேண்டிய ரீல் ஓடியது. தாலி கட்டிய பெண் அப்பா வீட்டில் இருக்கிறாள். கழுத்து மூளியாக இருக்கிறது. கட்டியவன் கொல்லைப்புறச் சுவரோரம் வந்து நின்று விசிலடிக்கிறான். அவள் சுவரேறிக் குதித்துப் போகிறாள். கிழவர் குடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அவனைத் துரத்துகிறார். திடலில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த நேரத்தில் என் அம்மா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"இதுகூடத் தெரியலயா? ஆடி மாசம்டி! பொண்ண அப்பன் வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க. மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளல."

"தாலிய எங்க காணோம்க்கா?" என்று பக்கத்துப் பாயிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ரவிக்கைக்குள்ள இருக்கும். எல்லாத்தையும் காட்டிக்கிட்டா இருப்பாங்க?"

அவ்வளவுதான். அந்தச் சொல் பாய் பாயாகத் தாண்டி ஆண்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது. இங்கே பன்னிரண்டு மாதமும் ஒரே வெயில் என்றாலும், புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து வந்து புருஷன் கண்ணில் படாமல் வைத்திருக்கும் வழக்கத்தை எங்கள் ஆட்கள் விட்டதில்லை. அதில் அவதிப்படாத ஆண்பிள்ளை அந்தத் திடலில் யார்? குடையடி ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் விழுந்தது. மாமனார்கள் மாப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். என் அப்பா அதிகம் சிரிக்கிறவர் இல்லை. அன்றைக்குத் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடைசி ரீலில் புருஷன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு மறுபடி சேர்ந்தபோது பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். தங்கமான குடும்பப் படம் என்று பேசிக்கொண்டே பாயைச் சுருட்டினோம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு. அவர்கள் சரியான வரிசையில் பார்த்தார்கள். கல்யாணமாகாத பெண் சுவரேறிக் குதித்ததும் பெரியவர்கள் பாயை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்களாம். முதலில் எழுந்தவர் மண்டோர். படத்தை நிறுத்து என்று ஒரு கூட்டம், நிறுத்தினால் நடப்பதே வேறு என்று இளைஞர்கள். கடைசியில் பாதித் திடல் காலியாக, மீதிப் பாதி ஆட்டம்போட்டுப் பார்த்திருக்கிறது.

இதெல்லாம் எங்கள் காதுக்கு வருமுன்பே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதைப் பற்றிப் பேச மண்டோர் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளைதான் மோட்டாரில் ஏற்றிவந்தார். கட்டுப்பாட்டுக்கு அடங்கிய பிள்ளையாக வாசல் ரம்புத்தான் மரத்தடியிலேயே நின்றுகொண்டார். அக்கா அடுப்படியில் நின்றாள். அம்மா சூடாகக் கொப்பி கலக்கிக் கொடுத்தார். அப்பாவுக்குச் சம்பந்தியிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கையில் கிடைத்த பேச்சை எடுத்தார்.

"படம் பாத்தீங்களா சம்பந்தி? நல்ல குடும்பப் படம் லா. என்னா மாதிரி பொண்ணு! எப்பப் பாத்தாலும் சிரிச்ச மொகம். என் பொண்ணும் அப்படித்தான் இருக்கணும்."

மண்டோர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "என்ன பேசுறீங்க நீங்க? அப்பனுக்குத் தெரியாம செவுரேறிக் குதிக்கிறவ குடும்பப் பொண்ணா? ஒங்க பொண்ணும் அப்படித்தான் இருக்கணுமா? அப்படின்னா இந்தச் சம்பந்தத்த நான் யோசிக்கணும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பரிசம் போட்டு முறிந்துபோனால் குற்றம் யாருடையதாக இருந்தாலும் பேச்சு பெண்ணைத்தான் சுற்றும் என்பது எனக்கே தெரியும்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏண்ணே, ஆடி மாசத்துல புருஷன் பொண்டாட்டி பாத்துக்கிட்டதுக்கா இவ்வளவு கோவம்?"

"ஆடியா? எந்த ஆடி? அதுங்களுக்குக் கல்யாணமே ஆவலயே!"

"ஆவலயா? பஸ்ஸுல சண்ட போட்ட கையோட தாலி கட்டிட்டானே!"

மண்டோர் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், இங்க வா. நான்தான் பாதியில எழுந்து போயிட்டேன். படத்துல கல்யாணம் எப்ப வந்துச்சு?"

"மூணாவது ரீல்ல ப்பா."

"இவங்களுக்கு எப்படி முன்னாடியே வந்துச்சு?"

"ரெண்டையும் ஒரே சாக்குல கொண்டாந்தேன். மாத்தி ஓட்டிட்டாங்க போல."

"ஒன்னொன்னாத்தானே கொண்டாரச் சொன்னாங்க? மொத ரீலக் குடுத்துட்டு அவ்வளவு நேரம் எங்கடா இருந்த?"

மாப்பிள்ளையின் கண் அடுப்படிப் பக்கம் போய்விட்டது. அங்கே அக்காவின் தலை குனிந்தது. அதற்குமேல் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மண்டோர் தொண்டையைச் செருமினார். பெரட்டுச் செருமல். "இப்ப சொல்லுங்க சம்பந்தி. எல்லாம் தெரிஞ்சு போச்சு. இப்பவும் அது நல்ல படந்தானா?"

அப்பா தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. படம் மோசம், ஆளை ஏமாற்றிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லி, அக்காவை நாலு வார்த்தை திட்டியிருந்தால் போதும். மண்டோரும் அதைத்தான் எதிர்பார்த்தார். நானும்தான். தோட்டத்தில் மண்டோருக்கு எதிர்வார்த்தை பேசிய வெட்டாளை நான் கண்டதில்லை.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சேன் சம்பந்தி. அதே பொண்ணு, அதே செவுரு, அதே சிரிப்பு. ரீலு முன்னபின்ன ஆயிட்டா அவ கெட்டவளா ஆயிடுவாளா? எனக்கு அப்பவும் நல்ல படந்தான், இப்பவும் நல்ல படந்தான்." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தலைய நிமித்து. கட்டிக்கப்போற பையன்கிட்டதானே பேசுன? என் வீட்ல இதுக்கெல்லாம் யாரும் குனிஞ்சு நிக்க வேணாம்."

சம்பந்தம் போனாலும் போகட்டும் என்றுதான் அவர் பேசினார். குரல் அப்படி இருந்தது. நான்கு சம்பந்தம் தேடிவரும் வசதி எங்களுக்கு இல்லை. அக்கா நிமிர்ந்தாள். அழுதுகொண்டேதான் நிமிர்ந்தாள்.

மண்டோர் ஆறிப்போன கொப்பியை எடுத்துக் குடித்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். ரீல் தூக்கக் கைதூக்கிய மகனை ஊரே மெச்சியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மீசை ஓரம் லேசாகத் துடித்தது.

"அந்தக் கெழவன் கொடையால அடிச்சான்னு சொன்னாங்களே, நான் பாக்கல. எப்படி அடிச்சான்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"முதுகுலதாண்ணே. ஓட ஓட."

"வீட்ல கொடை இருக்கா?"

அம்மா அப்பாவின் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். காலைப் பெரட்டில் ஆட்களை நடுங்க வைக்கும் மண்டோர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளையை ரம்புத்தான் மரத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தினார். லயமே வெளியில் வந்து நின்று பார்த்தது. இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதற்கு அவருக்கே சிரிப்பு வந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

அந்தப் படத்தைப் பற்றி இரண்டு தோட்டமும் வருஷக்கணக்கில் வாதாடியது. கோயிலில் சந்தித்தாலும் துக்கவீட்டில் சந்தித்தாலும் அதே பேச்சு. சரியாகப் பார்த்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். தப்பாகப் பார்த்த நாங்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். என் அப்பா இரண்டு விதமாகவும் தெரிந்துகொண்ட பிறகும் எழுந்து போகவில்லை. அதில் எனக்கு இருக்கும் பெருமைக்கு அளவே இல்லை.

மறுவருஷம் ஆடி வந்தது. முறைப்படி அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாப்பிள்ளை இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று மண்டோரே சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவும் சரி என்று தலையாட்டினார். மூன்றாம் நாள் சாயங்காலம், பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு அவர் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிறகு முன்வாசலில் நாற்காலி போட்டு, கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் எங்கேயோ ஒரு மோட்டார் வந்து நின்றது. நான் எட்டிப் பார்க்க எழுந்தேன். அப்பா குடையின் வளைந்த பிடியால் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"சும்மா இரு," என்றார். "ரீலு ஓடிக்கிட்டிருக்கு."