எடுக்கும் நேரம்

வேல்ராஜின் வலைப்பதிவை ஊரில் பாதிப் பேர் படிக்கிறார்கள். ஆனால் படிப்பதாக யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் யார் செத்தது என்று பார்ப்பதை எவர்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்?

தொடக்கத்தில் அது அப்படி இல்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முகம்மது இஸ்மாயில் பாயின் பிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவர் அவர். நாற்பது வயதைத் தாண்டியதும் எழுத்து ஆசை பிடித்துக்கொண்டது. 'இன்னைக்கு நம்ம ஊர்' என்று பெயர் வைத்து, மழை, டீக்கடை, ரயிலடி என்று நீள நீளமாக எழுதினார். படித்தவர்கள் இரண்டே பேர், அவரும் அவர் மனைவி தேன்மொழியும். தேன்மொழியும் பாதியில் விட்டுவிட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாசகர்களை இழுப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தார். தலைப்பில் காரம் வேண்டும் என்றார்கள். 'பஸ் ஸ்டாண்டில் நடந்த அதிர்ச்சி' என்று போட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் டீ விலை ஏறின கதை. வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோது, உடலை எடுக்கும் நேரத்தையும் சேர்த்து நாலு வரி எழுதினார். அன்றைக்கு வந்த கூட்டத்தை அவர் அதுவரை கண்டதில்லை. இந்தப் பக்கம் துஷ்டி, அதாவது சாவு, என்று காதில் விழுந்தால் அடுத்த கேள்வி, "எத்தன மணிக்கு எடுக்காங்க?" என்பதுதான். எடுத்த பிறகு போய் நின்றால் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும். அன்றோடு மழையும் ரயிலடியும் பின்னால் போயின. துஷ்டிச் செய்தி முன்னால் வந்தது.

வந்த கூட்டத்தைத் தக்கவைக்க வேண்டுமே! வாட்ஸ்அப் குழுக்காரர்கள் அவரை முந்தப் பார்த்தார்கள். அதனால் வேல்ராஜ் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். விடியற்காலையில் இறந்தவர்களைப் பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எடுப்பார்கள். வீட்டார் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும்வரை காத்திருப்பானேன்? செய்தி கிடைத்ததும் 'மாலை 4 மணி' என்று அவரே போட்டுவிடுவார். மாறினால் திருத்திக்கொள்ளலாம். ஒருமுறையும் மாறவில்லை. அந்தத் தைரியம்தான் அவரைக் கெடுத்தது.

அவருக்கு ரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்டும் பக்கத்தில், தினமும் காலையில் திருப்பூரிலிருந்து ஒரே ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒருநாளும் தவறியதில்லை. தன் பழைய கட்டுரைகளில் மயங்கிய ரசிகர் என்று வேல்ராஜ் நம்பினார். பாவம், நம்பிவிட்டுப் போகட்டும்.

சித்திரை மாதம் ஒரு காலையில், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த ஆறுமுகச்சாமி இறந்துபோனார். வேல்ராஜ் வழக்கம்போல முந்திக்கொண்டார். மாலை நாலு மணி. கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் கிடந்தது.

'எங்கப்பாதான். எனக்கு யாரும் சொல்லல. உங்க பதிவுலதான் பார்த்தேன். பஸ் ஏறிட்டேன், நாலு மணிக்குள்ள வந்துருவேன். ரொம்ப நன்றி. கனகலட்சுமி, திருப்பூர்.'

தினமும் வந்த அந்த ஒற்றை வாசகர் யார் என்று அப்போதுதான் புரிந்தது. கட்டுரை படிக்க வரவில்லை அந்தப் பெண். அப்பா பெயர் வந்திருக்கிறதா என்று பயந்து பயந்து பார்க்க வந்திருக்கிறாள். வேல்ராஜுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. ஆறுமுகச்சாமியின் மகன் ஆவுடையப்பன் பேசினார். "போஸ்டர் அடிக்கணும் வே. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எடுக்கோம். வெயில் தாங்காது, வர வேண்டிய ஆளெல்லாம் உள்ளூர்லதான் இருக்கு."

வேல்ராஜ் போனை வைத்தார். பாயிடம் பின்னூட்டத்தைக் காட்டினார்.

"கனகலட்சுமியா?" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. "அது விரும்பின பையனக் கட்டிக்கிட்டுப் போன பிள்ளல்லா? அம்மா செத்ததுக்கே அதுக்குச் சொல்லல. அண்ணங்காரன்கிட்ட அது பேரச் சொன்னீரு, பன்னெண்டு மணிய பதினொண்ணாக்கிருவான்."

"நேரத்த மாத்திப் போட்டுட்டா?"

"பஸ்ஸுல வச்சுப் பாக்கும். இனி போயி என்னத்துக்குன்னு பாதி வழியில எறங்கிரும்."

திருத்தினாலும் பாவம், திருத்தாவிட்டாலும் பாவம். கூப்பிட்டுச் சொல்ல அந்தப் பெண்ணின் நம்பரும் இல்லை. வேல்ராஜ் போஸ்டரை அடிக்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கழுகுமலை ரோட்டிலிருந்த அந்த வீட்டுக்கு ஓடினார்.

வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறுமுகச்சாமி கிடந்தார். ஆவுடையப்பன் வெள்ளை வேட்டியோடு நின்றார், கண் சிவந்திருந்தது. வேல்ராஜ் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஒங்ககிட்டக் கேக்காம நாலு மணின்னு போட்டுட்டேன்."

"யாரக் கேட்டுப் போட்டீரு?" ஆவுடையப்பன் கத்தியதில் பந்தலே திரும்பிப் பார்த்தது. "எங்கப்பன எப்ப எடுக்கணும்னு நீரு சொல்லுவீரோ?"

"தப்புதான் அண்ணாச்சி. ஆனா முன்னூறு பேருக்கு மேல பாத்துட்டாங்க. புளியங்குடி, குருவிகுளம் ஆளுக எல்லாம் நாலு மணிக்குத்தான் வருவாங்க. வெறும் வீட்டுல வந்து நின்னா ஒங்களத்தான பேசுவாங்க?"

கூட்டத்துக்காகத் தவமிருந்த மனிதர், அந்தக் கூட்டத்தை முதல்முறையாக ஒரே ஒருத்திக்காகச் செலவழித்தார்.

"எங்க, காட்டும்" என்று ஆவுடையப்பன் போனைப் பிடுங்கினார். எண்ணிக்கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார் என்று வேல்ராஜ் கையை நீட்டினார். ஆவுடையப்பனின் விரலோ கீழே தள்ளிக்கொண்டே போனது. பின்னூட்டத்தில் வந்து நின்றது.

போச்சு, நம்மளே கெடுத்துட்டோம் என்று வேல்ராஜ் நினைத்தார். ஆவுடையப்பன் அந்த வரிகளை ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்தலைப் பார்த்துச் சொன்னார்.

"வெளியூர் ஆளுக வாராங்களாம். நாலு மணிக்கே எடுப்போம்."

வேல்ராஜ் அங்கிருந்து நகரவில்லை. வெயில் ஏறி இறங்கியது. நாலு மணி ஆனது. கனகலட்சுமி வரவில்லை. கொட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "மொதல்ல அவங்களுக்கு டீ குடுங்க" என்றார் ஆவுடையப்பன். டீயும் முடிந்தது. "மார்க்கெட்டுலேருந்து இன்னொரு மாலை வரணும்" என்றார். அந்த மாலையும் வந்து சேர்ந்தது. பெரியவர் ஒருவர், "இனி யாருக்குவே காத்துக் கெடக்கோம்? பொழுது சாயுதுல்லா?" என்று அதட்டினார். ஆவுடையப்பன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வேல்ராஜும் அதே ரோட்டைத்தான் பார்த்தார். தெருமுனையில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேர் தலையும் ஒன்றாகத் திரும்பும்.

"சரி, தூக்குங்க" என்று பெரியவரே முடிவெடுத்தார். நாலு பேர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. கலைந்த தலையும் கசங்கிய சேலையுமாக ஒரு பெண் இறங்கினாள். பந்தல் வரைக்கும் ஓடி வந்தவள், அண்ணனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். மேற்கொண்டு ஓரடி வைக்க அவளுக்குத் துணிவில்லை. அழுகைகூட அடங்கிவிட்டது.

ஆவுடையப்பன் அவளை நோக்கி நடந்தார்.

"நாலு மணின்னுதானட்டி போட்டிருந்துச்சு?" என்றார் ஆவுடையப்பன். "இம்புட்டு நேரமாட்டி வாரதுக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூட்டத்தை விலக்கினார்.

"தள்ளுங்கய்யா. எந்தங்கச்சி வந்திருக்கா, அப்பா மொகத்தப் பாக்கட்டும்."