ஒரு நேரத்தில் ஒரு ஹில்டா

இன்று காலை எங்கள் ரோவில் ஊர்ச் சுப்பர்மார்க்கெட்டில் பிளம்ஸ் கேக்கைச் சூடாக அடுக்கி வைத்திருந்தார்கள். கறுவா வாசம் பட்டதும் வண்டிலைத் தள்ளாமல் நின்றுவிட்டேன். அது ஹில்டா வீட்டு வாசம்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டில் இருந்த ஜெர்மன்காரி அவர். நான் வேலைக்குப் போக, மகள் துளசியை அவர்தான் பார்த்துக்கொண்டார். என் ஆங்கிலத்தை அவரும் அவர் ஆங்கிலத்தை நானும் எப்படி விளங்கிக்கொண்டோமோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

ஹில்டா என்றால் பழைய ஜெர்மன் பாஷையில் போர் என்று ஒருநாள் சொன்னார். போருக்குத் தப்பி வந்தவள் நான். அவர்கள் குடும்பத்தில் அந்தப் பெயர் ஒரு நேரத்தில் ஒருத்திக்குத்தானாம். அம்மம்மா பிரசவத்தில் போக, பிறந்த சித்திக்கு அதே பெயர். சித்தி குண்டுவீச்சில் போக, பிறகு பிறந்த இவருக்கு. ஒருத்தி போனால்தான் மற்றவள் வருவாள் என்று சிரித்தபடி கேக்கை வெட்டினார். நான் என் துண்டைத் தட்டோடு தள்ளி வைத்தேன்.

இந்த மாசியில் துளசிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஹில்டா என்றுதான் வைப்பேன் என்று நின்றாள். ஹில்டாவோ முதியோர் இல்லத்தில்.

"அவ இன்னும் உயிரோட இருக்கிறா, பிள்ளை."

"ஸோ வட், அம்மா? இருக்கேக்க வைச்சால்தானே அவவுக்குச் சந்தோசம்."

நட்சத்திரத்துக்கு வேறு எழுத்துச் சொல்லி ஐயர் தடுப்பார் என்று நம்பிக் கோவிலுக்கு ஓடினேன். சிரிக்காதீர்கள். புனர்பூசம் நாலாம் பாதம், 'ஹி' என்றே தொடங்கலாம் என்றார் அவர். பஞ்சாங்கமும் மகள் பக்கம். முப்பத்தோராம் நாள் பிள்ளையின் காதில் அந்தப் பெயரைச் சொன்னார்கள். யாருக்காகக் கும்பிடுவதென்று தெரியாமல் கைகூப்பி நின்றேன்.

மறுநாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனோம். முந்திய கிழமைகூட என் குரலுக்குத் தலை திருப்பிய மனுசி. "ஹில்டா" என்றேன். அசையவில்லை. தாதி கூப்பிட்டாள். துளசி கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். வேறு யாரையோ அழைக்கிறோம் என்பதுபோல ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். ஒவ்வொரு தரமும் என் தோளில் கிடந்த பிள்ளைதான் திடுக்கிட்டது.

இப்போதும் கிழமைக்கு ஒருதரம் போகிறேன். பெயரை விட்டு, அன்ரி என்று கூப்பிட்டால் திரும்புகிறார்.