நாற்பது நோட்டுக்கும் மஞ்சள்

மஞ்சள் வைத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தப் பழியை என் வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே ஒரு தடவை அதைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டவர்.

அவர் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த மாசி மாதம் அது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த சம்பளத்தைக் கிளம்புகிற அன்றைக்குத்தான் கம்பெனியில் கையில் கொடுத்திருக்கிறார்கள். பேங்கில் போட்டு அனுப்ப நேரமில்லை. அப்படியே இடுப்புப் பைக்குள் வைத்து, பரளச்சிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். நாற்பது நோட்டு. ஒவ்வொன்றும் இருபது தினார். மடங்காத புது நோட்டு.

அருப்புக்கோட்டையில் ஒருவர் லோடு ஆட்டோ விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். ஓடின வண்டிதான், ஆனால் எஞ்சின் நன்றாக இருந்தது. பங்குனி பிறக்கிற வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். தறிக்கு நூல் ஏற்றலாம், வத்தல் மூடை ஏற்றலாம். வண்டி கைக்கு வந்தால் இவர் திரும்பிப் போக வேண்டாம். வராவிட்டால் திருச்சியில் பிளைட்டு. ரிட்டன் டிக்கெட் பீரோவில் இருந்தது. எட்டு வருஷம் தனியாக இருந்தது எனக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது.

அதனால்தான் மஞ்சள் வைத்தேன். புதுச் சட்டை எடுத்தால் மூலையில் மஞ்சள் வைக்காமலா போடுகிறோம்? கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் தடவாமலா கொடுக்கிறோம்? எங்களைக் கரையேற்றப் போகிற காசுக்கு மட்டும் வைக்காமல் விடுவேனா? அவர் கடைக்குப் போன நேரத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். மேல் நோட்டுக்கு மட்டும் வைத்தால் போதும்தான். மனசு கேட்கவில்லை. எல்லாமே அவர் வெயிலில் நின்று சம்பாதித்தது, ஒன்றுக்கு வைத்து ஒன்றை விடுவதா? நாற்பதுக்கும் வைத்தேன், நாலு மூலைக்கும்.

வந்து பார்த்தவர், "என்ன புள்ள, காசுக்குச் சடங்கு சுத்திட்டியா?" என்று சிரித்தார். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அருப்புக்கோட்டை பேங்கில் கவுண்ட்டரில் இருந்த பெண் நோட்டைத் தொடக்கூட இல்லை. "வெளிநாட்டு நோட்டு இங்க வாங்குறதில்லம்மா. மதுரைக்குப் போங்க."

"அங்கருந்து அனுப்புனா மட்டும் வாங்குறீக, கையில கொண்டாந்தா ஆகாதா?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

மறுநாள் மதுரை. காசு மாற்றித் தருகிற கடையில் பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வாங்கி நகல் எடுத்தார்கள். வேலை முடிந்தது என்றே நினைத்தேன். கடைக்காரர் கட்டைப் பிரித்தார். முதல் நோட்டை லைட்டுக்கு நேரே பிடித்தார். இரண்டாவதைப் பிடித்தார். அப்புறம் கட்டு முழுவதையும் சீட்டு மாதிரி விரித்துப் பார்த்தார்.

"யாருங்க இந்த வேலையப் பாத்தது?"

என் நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான்தான்," என்றார் என் வீட்டுக்காரர். "சாமி கும்பிடுறப்ப வச்சேன்."

"கறை பட்ட நோட்ட நான் வாங்குனா எங்கிட்ட மேற்கொண்டு யாரும் வாங்க மாட்டாங்க. நம்ம ரூபா நோட்டுன்னா பேங்குல குடுத்து மாத்தலாம். இது அடுத்த நாட்டுக் காசு. இவ்வளவு நாள் வெளிநாட்டுல இருந்திருக்கீங்க, இது தெரியாதா?"

"தப்புதாங்க," என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்னும் இரண்டு கடை ஏறினோம். அங்கேயும் அதே பதில். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. "திட்டவாவது செய்ங்க, இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?" என்று அவரையே வைதேன்.

"திட்டுனா மஞ்ச போயிருமா?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நானே எடுத்துட்டுப் போயி அங்க பேங்குல மாத்திக்கிறேன். ஒரு வருஷந்தான், வந்துருவேன்," என்றார்.

முதல் தடவை போனபோதும் ஒரு வருஷந்தான் என்றுதான் சொன்னார்.

விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் ஒரு நோட்டைத் துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போய்த் துணி சோப்பைத் தொட்டு லேசாகத் தேய்த்தேன். மூலை நாலும் ரத்தமாகச் சிவந்துவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைக்கிறவளுக்கு, சோப்புப் பட்டாலும் அப்படித்தான் சிவக்கும் என்று தெரியாதா? தெரியும். பதற்றத்தில் புத்தி மழுங்கிப் போச்சு. அடி பாவி மகளே, உன் கையாலேயே அவரைப் பிளைட்டு ஏத்தி விடுறியே என்று கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே கொடியில் அவர் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் வந்த அன்றைக்கு நான் மஞ்சள் வைத்துக் கொடுத்த புதுச் சட்டை. காலரைப் புரட்டிப் பார்த்தேன். மஞ்சளைக் காணோம். ரெண்டு வெயிலில் போயிருந்தது.

வெயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்! அவரை எழுப்பிச் சொன்னேன். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, மிச்சம் முப்பத்தொன்பது நோட்டையும் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே கொசுவலையைப் போட்டுச் சுற்றிலும் கல் வைத்தோம். ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் காவல். பக்கத்து மாடியில் வத்தல் காயப் போட வந்த அக்கா எட்டிப் பார்த்து, "ஏத்தா, உங்க வீட்டு வெள்ளாமை நல்லாருக்கே, வெதை எங்க வாங்குனீக?" என்றாள்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். வத்தலைப் புரட்டுவது மாதிரி அவர் நோட்டைப் புரட்டிப் போடுவார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல அவ்வளவு நேரம் பேசியதில்லை. இரண்டாம் நாள் என் டம்ளரில் ஒரு வாய் டீ குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சீனி போடலையா?"

"போடுறதில்ல. சுகர் இருக்கு."

"எப்பருந்து?"

"ரெண்டு வருஷமா."

"தெனம் போன் பேசுறோம், சொல்லலையே புள்ள."

"சொன்னா நீங்க அங்கருந்து என்ன செய்வீக?"

அவர் என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

நாலாம் நாள் அதே மதுரைக் கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு தடவ பாருங்கண்ணே," என்று நானே கட்டை நீட்டினேன். ஒவ்வொன்றாக லைட்டில் பிடித்தார். இரண்டு நோட்டில் சாயல் தெரிகிறது என்று தள்ளி வைத்தார். மற்றதை வாங்கிக்கொண்டார். "என்னம்மா போட்டுத் தொடச்சீங்க?" என்று கேட்டார். "வெயிலு," என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

பங்குனி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வண்டி வீட்டுக்கு வந்தது. ஆனாலும் அந்த டிக்கெட் பீரோவில் அப்படியே கிடந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

பிளைட்டு தேதியன்று காலையில் எழுந்து பார்த்தால் பாயில் ஆளைக் காணோம். எனக்கு உயிரே இல்லை. ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன். டிக்கெட் இருந்தது. வாசலுக்கு வந்தால், வண்டிக்கு முன்னால் மஞ்சள் கிண்ணத்தோடு நிற்கிறார். கண்ணாடிக்கு நாலு மூலை, கதவுக்கு நாலு மூலை, பின்னால் தொட்டிக்கு நாலு மூலை.

"மொத லோடு ஏத்தப் போறேன்ல. ஒன்னும் விட்டுப்போகலையே, பாரு," என்றார்.

"கண்ணாடியில எதுக்கு இம்புட்டு மஞ்ச? ரோடு தெரிய வேண்டாமா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம், திருச்சியில் பிளைட்டு கிளம்பியிருக்கும் நேரம், போன் வந்தது. மல்லாங்கிணற்றில் மூடை இறக்கிக்கொண்டிருந்தாராம். எட்டு வருஷமாகப் போனை எடுத்தால் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

"எனக்கும் சேத்து ஒல வையி புள்ள, வாரேன்," என்றார்.