‘ஆற்றை ஆள்’ என்றொரு பெட்டி

அந்த மனிதரை நான் ‘அண்ணை’ என்று கூப்பிட்டு வந்தேன். மற்ற எல்லோருக்கும் அவர் சேர், பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர். ஆனால் நானும் அவரும் மேசைகளுக்குக் கீழே தவழ்ந்து வயர் இழுத்தவர்கள். குரங்கு கடித்துப் போட்ட கேபிளைத் தேடிக் கூரையில் ஏறியவர்கள். ஒரு சோற்றுப் பார்சலை இரண்டாகப் பிரித்துத் தின்றவர்கள். அப்படிப்பட்ட ஆளை எப்படி வாய் கூசாமல் சேர் என்பது? இன்றைக்கு அந்த ‘அண்ணை’யை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வேலை கம்பஸில் கொம்பியூட்டர் திருத்துவது என்றுதான் ஊரில் பலர் நினைத்திருக்கிறார்கள். அது பாதி. எங்கள் மாணவர்கள் பயிற்சிக்குப் போகிற இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நாங்கள்தான் பொறுப்பு. கிளிநொச்சிப் பக்கம் ஒன்று, முல்லைத்தீவுப் பக்கம் மற்றது. காலையில் கதிரையில் இருக்க முதலே போன் அடிக்கும். “மிஸ், திரை கறுத்துப் போச்சு, ஒண்டும் தெரியேல்லை” என்று வாட்டில் இருந்து ஒரு தாதி அழாக்குறையாகச் சொல்லுவா. வயர் கொழுவியிருக்கோ பாருங்கோ என்பேன். அங்கே கொழுவியிருப்பது யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த மேசை விசிறி. இப்படிக் கூத்துகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் நோயாளியின் விபரம் அந்தத் திரையில் பிழைத்தால் உயிர் பிழைக்காது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டே ஓடிப்போவோம்.

வன்னியில் நோயாளியைப் பதிவது லேசான காரியமில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்த சனம். பிறந்த ஆண்டைக் குத்துமதிப்பாகச் சொல்லும். மாதமும் திகதியும் கேட்டால், “சனவரி ஒண்டு எண்டு போடுங்கோ” என்று பதில் வரும். அடையாள அட்டையைக் கேட்டால் வீட்டில் என்பார்கள். பெயர்களோ பெரும்பாலும் அம்மன் பெயர்கள். ஒரே பெயர், ஒரே சனவரி ஒன்று, ஒரே ஆண்டு என்று மூன்று பெண்கள் ஒரே வாங்கில் வரிசையாக இருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் அண்ணைதான், அதை மறைக்கமாட்டேன். ஊரில் புது ஆளைக் கண்டால் நாங்கள் பெயரைக் கேட்பதில்லை, “நீங்கள் ஆற்றை ஆள்?” என்றுதான் கேட்போம். யாருடைய ஆள், எந்த இடத்து ஆள் என்று தெரிந்தால் போதும். “அதையே திரையிலை ஒரு பெட்டியா வைப்பம் பிள்ளை” என்றார். வைத்தோம். தாதிமார் அதில் இஷ்டத்துக்கு எழுதினார்கள்: ‘இரணைமடுவிலை மீன் பிடிக்கிறவற்றை மனுசி.’ ‘துணுக்காய், அரிசி மில்லடி.’ ‘முள்ளியவளை, சைக்கிள் கடைக்காரற்றை மனுசி.’ பெயர்கள் குழம்பின இடத்தில் இந்தப் பெட்டி குழம்பவில்லை. அண்ணை கொழும்பில் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கினார். பின்வரிசையில் இருந்து எல்லோரையும் விட உரக்கத் தட்டியது நான்.

எங்கள் கன்ரீனில் ஒரு அக்கா இருக்கிறா. தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். இவா பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. இருந்தும் வாயைத் திறந்தால் பேச்சில் அந்த வாடை வரும். அதற்காகவே ஆஸ்பத்திரியில் சிலர் அவாவை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதனால் டொக்டருக்கு முன்னால் அவாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கன்ரீனில் மட்டும் ராசாத்தி. நான் வாசலில் செருப்பைக் கழற்ற முதலே இஞ்சி தட்டிப் போட்டு, சீனி குறைத்து, என் பிளேன்ரீ மேசைக்கு வந்துவிடும். ஒரு நாளும் என்ன வேணும் என்று கேட்டதில்லை.

அவாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் ஒரு ஊசி போட்டுச் சாகக் கிடந்து எழும்பினவா. இதைக் கேட்டவுடன் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாதி அந்த விபரத்தைப் பதிந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘ஆற்றை ஆள்’ பெட்டியில் ‘கம்பஸ் கன்ரீன் அக்கா’ என்று விழுந்ததும் அவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

“இனி நீங்கள் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை அக்கா. எல்லாம் இதுக்குள்ளை இருக்கு,” என்றேன்.

“அப்ப நான் வாயே தொறக்க வேணாமா மிஸ்?”

“வேண்டாம்.”

இது என் சொந்தச் சரக்கில்லை. நோயாளிகளுக்கு இப்படிச் சொல்லச் சொல்லி எங்களைப் பழக்கியதே அண்ணைதான். சனம் எங்கள் வேலையை நம்ப வேண்டும் என்பார்.

பிறகுதான் கொழும்புக் கம்பனி வந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் புது மென்பொருள், பளபளவென்று. பழையதில் உள்ள எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டும். வந்த பெடியள் நல்ல பெடியள், கெட்டிக்காரர்கள். அக்காவின் உழுந்து வடைக்கு அடிமையாகிப் போனார்கள். ஆனால் அவர்களுடைய மென்பொருளுக்கு ஒரு பழக்கம்: ஒரே பெயரும் ஒரே பிறந்த திகதியும் கண்டால் இரண்டு பேரையும் ஒருவராக ஆக்கிவிடும். விபரம் முரண்பட்டால் பிந்திப் பதிந்ததை வைத்துக்கொண்டு முந்தியதை எறிந்துவிடும். எங்கள் சனத்தில் பாதிப் பேரை இது விழுங்கிவிடுமே!

அண்ணையிடம் ஓடினேன். “அண்ணை, எங்கட பெட்டியும் புதுசுக்குக் கட்டாயம் போகவேணும். அது இல்லாட்டி ஆக்கள் ஒண்டுக்குள்ளை ஒண்டாப் போயிடுவினம்.”

“எனக்குத் தெரியாதே பிள்ளை? அது நான் பெத்த பிள்ளையெல்லோ. அவையளோடை கதைச்சிட்டன். நீர் யோசியாதையும்.”

நான் பிறகு யோசிக்கவில்லை. ஏன் யோசிக்க வேண்டும்? சொன்னது அண்ணை. வாட்டுச் சிஸ்டர் என்னிடம் அதையே கேட்டபோது, பெட்டி பத்திரமாக வரும் என்று நானும் அடித்துச் சொன்னேன்.

திறப்பு விழா தடல்புடலாக நடந்தது. பெரியவர்கள் வந்தார்கள், நாடா வெட்டினார்கள், அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த நாளே சிஸ்டர் போன் எடுத்தா. “பெட்டியைக் காணேல்லை பிள்ளை.” அண்ணையைக் கேட்டேன். “முதல்லை இது ஓடட்டும். அது பின்னாலை வரும்,” என்றார். அதையும் நம்பினேன்.

அந்தக் கிழமை கன்ரீன் அக்காவின் காலில் துருப்பிடித்த ஆணி குத்திவிட்டது. கால் வீங்கிக் காய்ச்சலும் வந்ததால், பகல் சமையலை முடித்துவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறா. இளம் டொக்டர் முறையாகத்தான் கேட்டிருக்கிறார், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று. அக்கா வழக்கம்போல ஒன்றும் பேசாமல், சிரித்துக்கொண்டு கொம்பியூட்டரைக் கையால் காட்டியிருக்கிறா. டொக்டர் திரும்பிப் பார்த்தார். அக்காவின் பெயர், அக்காவின் சனவரி ஒன்று, எல்லாம் இருந்தன. ஒவ்வாமை என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அது முள்ளியவளைச் சைக்கிள் கடைக்காரரின் மனைவியுடைய ‘இல்லை’. அந்த அம்மா கடைசியாகக் கிளினிக்குக்கு வந்துபோனது அக்காவுக்குப் பிறகு.

பெனிசிலின் ஊசி போட்டார்கள். போட்ட கையோடு அக்கா கட்டிலில் சரிந்துவிட்டா.

சிஸ்டர் போனில் சொன்னதில் எனக்குப் பாதி விளங்கவில்லை. மூச்சு நின்று வந்தது என்றா, குழாய் போட்டிருக்கிறது என்றா, தப்பிவிட்டா என்றா. கடைசியில் ஒன்று சொன்னா: “பெட்டி வரும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

உடனே கம்பனிப் பெடியனுக்குப் போன் எடுத்தேன். வாயில் வந்தபடி ஏசினேன். ஏச்சு முடியும் வரைக்கும் அவன் பொறுமையாகக் கேட்டான், பாவம். பிறகு சொன்னான்: “மேடம், அந்தப் பெட்டிய நாங்க போடத்தான் இருந்தோம். முதல் கூட்டத்துலயே உங்க சேர்தான் வேணாம்னு சொன்னாரு. அது சும்மா ஊர்க் கதை, அதால திறப்பு விழா பிந்திடும்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

முதல் கூட்டம். அப்படியென்றால் ‘நான் பெத்த பிள்ளை’ என்று அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதற்குப் பிறகு! தன் கையால் அந்தப் பிள்ளையின் கழுத்தை நெரித்துவிட்டு வந்துதான் என்னிடம் அந்தக் கதை விட்டிருக்கிறார்.

அவருடைய அறைக்கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். “வேண்டாம் எண்டு நீங்களோ சொன்னனீங்கள்?”

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீர் ஏன் இப்பிடிக் கத்துறீர்? கதவைச் சாத்தும். பிறகு சேர்க்கலாம் எண்டுதான் நினைச்சனான். விழாவுக்கு ஆக்களுக்குச் சொல்லியாச்சு, என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! நான் தாதிமாருக்கெண்டாலும் சொல்லியிருப்பனே, கேட்டுக் கேட்டுப் பதியுங்கோ எண்டு.”

“சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆள் தப்பிட்டாதானே. இப்ப முக்கியம் அவா முறைப்பாடு ஒண்டும் செய்யக்கூடாது. உம்மோடைதான் அவா வாரப்பாடு, உம்மடை சொல்லைத்தான் கேப்பா. நீர் போய்க் கதையும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுப் பாரும். வாய் திறக்கத் தேவையில்லை எண்டு அவாவுக்குச் சொன்னது நான் இல்லை. நீர்.”

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு வசதியாகப் போயிருக்கும். “சரி சேர்,” என்றேன். அத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சேர் என்றேன், மனிதருக்கு அது காதில் விழவேயில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆனால் அவர் கொடுத்தனுப்பிய கதையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அக்காவின் முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. குழாய் எடுத்த தொண்டை கரகரத்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன்: பெட்டியை வேண்டாம் என்றது யார், ஏன் என்றார், எனக்கு எப்படி மறைத்தார், எல்லாம். முறைப்பாடு செய்யுங்கோ, நான் வந்து சாட்சி சொல்லுறன் என்றும் சொன்னேன். நான் ஏமாந்த கதையை அவா விளங்கிக்கொண்டு என் கையைப் பிடிப்பா என்று, வெட்கமில்லாமல், எதிர்பார்த்தேன்.

அவா கூரை விசிறியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. “அந்தப் பெரிய ஆளுகள எனக்குத் தெரியாது மிஸ்,” என்றா. “டொக்டர் கேட்டப்போ சொல்லத்தான் வாய் வந்துச்சு. நீங்க வேணாம்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. பேசாம இருந்துட்டேன்.”

அவா முறைப்பாடு செய்யவில்லை. நான்தான் செய்தேன். விசாரணை நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் சத்தம் போட்டதில் பெட்டி ஒரே கிழமைக்குள் திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு லேசான வேலை அது. சேருக்குக் கொழும்பில் இன்னும் பெரிய கதிரை கிடைத்தது. பிரியாவிடைக்கு நான் போகவில்லை.

அக்கா மாதக் கடைசியில் வேலைக்குத் திரும்பினா. அன்றைக்கு வேண்டுமென்றே முந்திப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் வழக்கமான மேசையில் இருந்தேன். மேசைக்கு ஒன்றும் வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, தோளில் துவாயோடு வந்து பக்கத்தில் நின்றா.

“என்ன வேணும் மேடம்?” என்று கேட்டா. “சீனி போடவா?”